வைக்கோல் கன்றின் பங்கு

பேய், முனி என்று யாராவது என்னிடம் கதை கொண்டு வந்தால், அந்தக் கதையால் யாருக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் கேட்பேன். கொக்குவிலில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவின் முடிவில் ஒரு புளியமரம் நின்றது. அதில் முனி இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்று ஊரெல்லாம் பரப்பியவன் அந்த மரத்தடிப் பற்றைப் புதருக்குள்தான் கள்ளு முட்டி ஒளித்து வைத்திருந்தான், அதைக் கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைத்தவன் நான். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கேட்டு முடித்த பிறகு சிரியுங்கள், நடுவில் மட்டும் சிரிக்க வேண்டாம்.

எங்கள் நாட்டில் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு நடந்தது. நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது, உள்ளே ஒரு சங்கும் ஒரு பவளப் பாறைத் துண்டும் தவிர வேறொன்றும் இல்லை. கொழும்பு நூதனசாலையில் பாடம் செய்து வைத்திருந்த சிறுத்தையைப் பார்த்து வந்த நாளிலிருந்து எனக்கு அந்த அலுமாரியை நிரப்பும் பைத்தியம் பிடித்துவிட்டது. செத்த பிராணிகளைப் பாடம் செய்வது பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகத்தை வரவழைத்து, சாணை பிடித்த சவரக்கத்தியோடு கிணற்றடிக்கு அப்பாலுள்ள கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு காகம். அது முடிந்தபோது காகம் போலவும் இல்லை, தலையணை போலவும் இல்லை. அடுத்தது கீரி, கழுத்து இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. என் மனைவி பரமேஸ்வரி அதை எட்ட நின்று பார்த்துவிட்டு, "உங்கடை பெரிய வாத்தியாரை மாதிரிக் கிடக்கு" என்றாள், அது உண்மைதான். தோலைத் தொட்ட கையோடு சமைக்கிற குசினிப் பக்கம் வரக்கூடாது, முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். ஊரும் என்னைப் பற்றி வாய்க்கு வந்ததைக் கதைத்தது, படித்த மனுசன் செத்த பிராணியோடு குடும்பம் நடத்துகிறான் என்று.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வளவு இராசம்மாக்கா வேலியிலிருந்த பொட்டு ஓட்டையால் தலையை நீட்டினாள். அவளுடைய தங்கை பிள்ளைப்பேற்றில் செத்துப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தங்கை விட்டுப்போன பெண் குழந்தை மணியை இராசம்மாக்காதான் வளர்த்தாள். குழந்தையின் தகப்பன் சின்னத்துரை, புகையிலைத் தோட்டக்காரன், அவனும் அந்த வீட்டோடுதான் இருந்தான். குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துவரவில்லை, வயிற்றால் போய்ப் பாதியாகிவிட்டது. ஒரே மாட்டுப் பாலைத்தான் கொடுக்க வேண்டும், பலமாட்டுப் பாலைக் கலந்தால் பிள்ளை தங்காது என்று நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகவே சின்னத்துரை ஒரு கன்றுத்தாய்ச்சிப் பசுவை வாங்கி விட்டிருந்தான். அந்தப் பசு ஈன்ற நாம்பன், செந்நிறச் சிவலை ஆண் கன்று, அன்று காலையில் செத்துக் கிடந்தது.

"மாஸ்ரர், கண்டைக் காணாமல் மாடு பாலை அடக்கிப் போட்டுது. ஒரு சொட்டும் விடுதில்லை. நீங்கள் தோலுக்குள்ளை வைக்கல் அடைக்கிறனியள் தானே, இதையும் ஒருக்காச் செய்து தாங்கோ" என்றாள்.

செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன்னால் காட்டிப் பால் கறப்பது புதுமை அல்ல, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். ஆனால் அப்படிச் செய்யும் கன்று தடியில் தொங்கும் கோணிப்பை மாதிரி இருக்கும். நான் புத்தகம் படித்தவன் அல்லவா, நாலு காலில் நிற்கிற கன்றாகச் செய்து காட்டுகிறேன் பார் என்று மார்தட்டிக்கொண்டு இறங்கினேன்.

புத்தகத்தில் முதல் விதி, தோலை உரிக்க முன் அளவெடுப்பது. ஒரு சணல் கயிற்றில் மூக்கிலிருந்து வாலடி வரை ஒரு முடிச்சு, வயிற்றுச் சுற்றுக்கு இன்னொரு முடிச்சு. பிறகு வயிற்றைக் கீறி உரித்தேன். கழுத்தடியில் கத்தி வழுக்கி ஒரு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்துவிட்டது, கத்துக்குட்டி வேலை அப்படித்தான். அதைப் பரமேஸ்வரியின் தையல் பெட்டியிலிருந்த நீல நூலால் தைத்தேன். தோலை மண்டையோடும் எலும்போடும் ஒட்டவிடாமல் கழற்றினேன், உடம்பு முழுவதையும் சின்னத்துரையே தென்னையடியில் புதைத்தான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே அந்தத் தோலுக்குள் கன்றுடையது என்று ஒரு துண்டு எலும்பும் இல்லை, இதை மறக்க வேண்டாம். தலைக்கு முள்முருக்கங் கட்டையைச் செதுக்கினேன். காலுக்குப் பனஞ்சலாகை, வயிற்றுக்கு வைக்கோலும் தும்பும். வயிற்றுத் தையலையும் வாயையும் மீன் வலை பின்னுகிற நூலால் இறுக்கித் தைத்தேன். கண்ணாடிக் கண்ணுக்கு நான் எங்கே போவது, உடைந்த சோடாப் போத்தல்களின் கண்ணாடிக் குண்டு இரண்டைப் பொருத்தி, பின்பக்கத்தில் மை பூசினேன்.

பாஷாணம் என்ற நஞ்சு கலந்த சவர்க்காரத்தைத் தோலின் உட்புறம் பூசச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. மாடு நக்கப் போகிற கன்று, அந்தப் பால் குழந்தைக்குப் போகிறது, ஆகவே அதற்கென்று புதிதாக வாங்கி வைத்த போத்தலைத் திறக்கவே இல்லை. உப்பும் படிகாரமும் மஞ்சளும்தான். பிறகு என்ன பேச்சு வந்தது என்று சொல்லப் போவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கன்றை அவர்களுடைய மாட்டுக்கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்தினோம். பசு முகர்ந்தது, உப்பு ருசிக்கு முதுகை நக்கியது, பிறகு அடித்தொண்டையால் ஒரு குரல் கொடுத்தது. இராசம்மாக்கா மடியில் கை வைத்ததும் செம்பில் பால் சரசரவென்று விழுந்தது. எனக்குக் கொழும்பு நூதனசாலையையே கட்டி முடித்த மாதிரி இருந்தது.

மூன்று முலையைக் கறந்துவிட்டு அவள் எழும்பினாள். நாலாவது கன்றுக்கு, எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கறப்பதில்லை, கன்றின் பங்கு அது. சின்னத்துரை சிரித்துவிட்டு, "அக்கா, உது வைக்கல். உதுக்கு என்னத்துக்குப் பங்கு? எல்லாத்தையும் பிள்ளைக்குக் கறவுங்கோ" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன், வேறென்ன செய்வது, வைக்கோல் குடிக்காது என்று எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அவள் திரும்ப உட்கார்ந்து நாலாவதையும் ஒட்டக் கறந்தாள்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு சாயங்காலம் கறக்கிற பின்னேரப் பால் குறையத் தொடங்கியது. காலையில் செம்பு நிறையும், பின்னேரம் பாதி, பிறகு கால்வாசி, பிறகு செம்பின் அடியை நனைக்கவும் காணாது. புல்லில் குறையில்லை, பிண்ணாக்கில் குறையில்லை. காலைப் பாலைப் பங்கிட்டு, மிச்ச நேரத்துக்குக் கஞ்சித் தண்ணியைச் சங்கில் விட்டுப் பருக்கினார்கள். குழந்தை அழுகிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும், பிறகு பிறகு அழுகையும் மெலிந்துகொண்டு வந்தது, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

யாரோ மத்தியானத்தில் பாலைக் களவெடுக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதுதான் கேள்வி. சாரைப்பாம்பு வந்து மாட்டின் காலைச் சுற்றிப் பிடித்து உறிஞ்சுகிறது என்றாள் இராசம்மாக்கா. பாம்புக்கு உறிஞ்சுகிற வாய் கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்குச் சின்னத்துரையின் மேல்தான் கண். பெண்சாதி போன பிறகு ஒழுங்காகத் தோட்டத்துக்குப் போகாமல் ஸ்ரேசனடித் தேத்தண்ணிக் கடையில் அவன் குந்தியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கடைக்காரனுக்குப் பால் தேவை. தகப்பனே பிள்ளையின் பாலை விற்பானா என்று கேட்காதீர்கள், நான் பள்ளிக்கூட வாத்தியார், மனிதர் எதுவும் செய்வார்கள்.

அவனுக்கு யார் மேல் கண் என்று பரமேஸ்வரிதான் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் தோலிலை நஞ்சு பூசினதாலைதான் மாடு வத்துதெண்டு அந்தாள் சந்தியிலை நிண்டு கதைக்குதாம். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் சும்மா விடமாட்டானாம். உண்மையைச் சொல்லுங்கோ, பூசினனீங்களோ?"

பெண்சாதிக்கே என் மேல் சந்தேகம். நான் கொட்டிலுக்குள் போய்ப் பாஷாணப் போத்தலை எடுத்து, உடைக்காத அரக்கு முத்திரையைக் காட்டினேன். அவள் பார்த்தாள், ஆனாலும் அன்றைக்கு என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

சித்திரை விடுமுறை விட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே அடங்குகிற நேரம், வெயில் மணலைப் பொரிக்கிறது. நான் வேலி ஓரமாக மாட்டுக்கொட்டிலுக்கு எதிரே ஒரு பூவரசுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். பார்த்தால் கொட்டிலின் மறுபக்கம், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சின்னத்துரை உட்கார்ந்திருக்கிறான். நான் அவனைக் காவல் காக்க வந்தேன், அவன் என்னைக் காவல் காக்க வந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டு இருந்தோம். மாடு ஒரு கட்டையில் கட்டியிருந்தது. கன்று நாலைந்து எட்டுக்கு அப்பால், சுவரோரம், வைத்த இடத்தில் நின்றது. நான் கண்ணயர்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். எதிரே ஒருவன் கொலைகாரனைப் பார்ப்பது போல உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு நித்திரை வருமா.

முதலில் மாடு அசை போடுவதை நிறுத்தியது. பிறகு வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி, பின்னங்கால் ஒன்றை அகட்டிப் பின்னே வைத்தது. கன்றுக்குப் பால் கொடுக்கும்போது மாடு எப்படி நிற்கும் என்று மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அப்படி நின்றது. கண் பாதி மூடியிருந்தது. பிறகு சத்தம் கேட்டது. உறிஞ்சுகிற சத்தம், இடையிடையே மடியை முட்டுகிற சத்தம். மாட்டின் பக்கத்தில் யாரும் இல்லை, பாம்பு இல்லை, ஒன்றும் இல்லை. கன்று சுவரோரம் நின்ற இடத்திலேயே நின்றது, அசையவில்லை, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். எங்கள் இருவர் கண் முன்னாலேயே மடி மெல்ல மெல்லச் சுருங்கி வற்றிப்போனது.

சின்னத்துரையைப் பார்த்தேன். அவன் முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் எழும்பிப் போய்க் கன்றின் வாயைத் தொட்டேன். நான் போட்ட தையல் அப்படியே இருந்தது, பிரியவில்லை. அதன் மேல் பால் நுரை. தொட்ட விரல் சுட்டது என்று சொல்லமாட்டேன், கறந்த பாலின் சூடு எவ்வளவோ அவ்வளவுதான்.

சின்னத்துரை வந்து அதைத் தூக்கப் பார்த்தான். காலையில் இராசம்மாக்கா ஒற்றைக் கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருகிற வைக்கோல் அது. அவனால் இரண்டு கையாலும் கிளப்ப முடியவில்லை. அவன் கூரையில் செருகியிருந்த கொடுவாக் கத்தியை உருவினான்.

"வெட்டாதை" என்று இராசம்மாக்காவின் குரல். குழந்தையைத் தோளில் போட்டபடி கொட்டில் வாசலில் நின்றாள். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது, விருந்துக்கு வந்து பந்தியில் மற்றவன் இலையில் கை வைத்தவனைப் பார்த்து வருகிற கோபம். கன்றுக்கு நேரே போய் நின்றாள்.

"உனக்கும் தாய் வேணும்தான், ஓம். இவளுக்கும் தாய் இல்லை, பார். உன்ரை பங்கை நாங்கள் எடுத்தது பிழை. இனி ஒரு முலை உனக்கு, அதை ஒருத்தரும் தொடமாட்டினம். மற்ற மூண்டிலையும் வாய் வைச்சியெண்டால் உன்னைத் தூக்கி அடுப்பிலை வைச்சுப்போடுவன், விளங்குதோ?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, பயத்தில் வருகிற சிரிப்பு. ஆனால் அடுத்த நாள் காலையிலிருந்து அவள் மூன்றை மட்டும் கறந்தாள். பின்னேரம் போய்ப் பார்த்தால் மூன்று முலையிலும் பால் நிறைந்திருந்தது, செம்பு வழிந்தது. நாலாவது வற்றியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் கணக்குப் பிசகவில்லை. மணிக்குக் கன்னம் பூரித்தது, கால் உதைத்தது, என்னைக் கண்டால் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. சின்னத்துரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அவனிடம் கேட்கவில்லை, ஆனால் அவன் தோட்டத்துக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினான், போகும்போது எங்கள் வேலிப் படலையடியில் நின்று "மாஸ்ரர், வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதாவது விளக்கம் கண்டுபிடித்திருப்பேன். மாட்டின் நரம்புக் கோளாறு, எங்கள் இருவருக்கும் வெயில் என்று எழுதி மூடியிருப்பேன்.

ஆவணி அளவில் ஒரு நாள் கன்றைப் பார்த்தபோது ஏதோ பிசகாக இருந்தது. முதுகு என் இடுப்பை எட்டி நின்றது, முன்பு அப்படி இல்லை. என் கொட்டில் ஆணியில் தொங்கிய சணல் கயிற்றை எடுத்துவந்து பிடித்துப் பார்த்தேன். மூக்கில் வைத்தால் முடிச்சு வாலடிக்கு எட்டவில்லை, வெகுதூரம் எட்டவில்லை. வயிற்றைச் சுற்றினாலும் அப்படியே. வைக்கோல் ஈரம் குடித்து ஊதியிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் ஊதினால் வயிறுதான் பெருக்கும், கால் நீளுமா? அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது போல இருந்தது. இது என் கன்றே அல்ல, யாரோ பெரிய கன்றுத் தோலில் இன்னொன்று செய்து மாற்றி வைத்துவிட்டு என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டுகிறான். என் வேலையை எனக்கே விற்கப் பார்க்கிறான் என்று எரிச்சல் வந்தது. பிடிப்பதற்கு என்னிடம் வழி இருந்தது. என் கத்தி வழுக்கிய இடம், நீல நூல்.

மண்டியிட்டுக் கழுத்தடியைத் தூக்கிப் பார்த்தேன். கிழிசல் இருந்த இடம் இருந்தது. ஆனால் கிழிசல் இல்லை. இரண்டு ஓரமும் ஒன்றாகச் சேர்ந்து மினுமினுத்த தழும்பாக இருந்தது, மயிர்கூட ஓரத்தில் முளைக்கத் தொடங்கியிருந்தது. நீல நூல் தோலுக்குள்ளே புதைந்து ஒரு நரம்பு போலத் தெரிந்தது. உப்புப் போட்டு, படிகாரம் போட்டு, வெயிலில் காயவைத்த தோல் அது. செத்த தோலில் காயம் ஆறுமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. பெரிய வாத்தியார் அலுமாரிக்குக் கன்றைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார், பெரிய சாமான், அலுமாரி கொள்ளாது என்று தட்டிக்கழித்தேன். உண்மையில் அதைத் தொட எனக்குப் பயம். என் கொட்டிலில் இருந்த சவரக்கத்தியையும் பாஷாணத்தையும் கிணற்றுக்கு வெகுதூரம் தள்ளி, வேலிக்கோடிப் பற்றைக்குள் தாழப் புதைத்தேன்.

மணிக்கு முதல் சோறு ஊட்டினார்கள். நானும் பரமேஸ்வரியும் போயிருந்தோம், குழந்தை நெய்ச் சோற்றைத் துப்பாமல் விழுங்கியது, இராசம்மாக்கா தங்கையை நினைத்து அழுதாள். அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் அவள் வேலியடியில் நின்று கூப்பிட்டாள்.

"மாஸ்ரர், உங்கடை கண்டு போயிட்டுது."

ஓடிப் போனேன். சின்னத்துரையும் கொட்டிலுக்குள் நின்றான். சுவரோரம், கன்று நின்ற இடத்தில், வைக்கோலும் தும்பும் குவிந்து கிடந்தது. பக்கத்தில் பனஞ்சலாகை நாலும், நான் செதுக்கிய முள்முருக்கங் கட்டைத் தலையும், இரண்டு சோடாக் குண்டும். நான் உள்ளே வைத்த சாமான் அத்தனையும் இருந்தது. தோல் மட்டும் இல்லை.

தோலுக்காக யாரோ களவெடுத்திருக்கிறான் என்று முதலில் சொன்னவன் நான்தான். நான் இன்னும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன். ஆனால் அந்தக் குவியலில் வலைநூலும் கிடந்தது. வயிற்றைத் தைத்ததை எடுத்து நீட்டிப் பார்த்தேன். வெட்டவில்லை, அறுக்கவில்லை, ஒரே நீளம், நான் தொடக்கத்தில் போட்ட முடிச்சும் முடிவில் போட்ட முடிச்சும் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்க்காமல் ஒரு தையலை எப்படி உருவுவது? எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாரையும் நான் இதுவரை காணவில்லை.

மாடு கத்தவில்லை. கன்றைப் பிரிந்த மாடு மூன்று நாளைக்கு ஊரை நித்திரை கொள்ள விடாது, இது அமைதியாகப் புல்லுத் தின்றுகொண்டு நின்றது. அன்று காலை கன்று இல்லாமலே இராசம்மாக்காவுக்குப் பால் கொடுத்தது. அவள் பழக்கத்தில் நாலாவதைத் தொடாமல் எழும்பினாள். பின்னேரம் பார்த்தபோது அது வற்றியிருந்தது. அடுத்த நாளும். மாடு அந்த ஈற்றில் பால் வற்றி மறக்கிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

மணி இப்போது கலியாணம் கட்டி உடுப்பிட்டியில் இருக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குப் பேயிலும் முனியிலும் இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. அந்தக் குவியலில் அன்றைக்கு நான் மண்ணை அரித்து, வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினேன். நான் அந்தக் கன்றில் வைத்த சாமானில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை, கழுத்தடி நீல நூல். அதனால் தெருவிலோ வயலிலோ ஒரு சிவலை மாட்டைக் கண்டால், எந்த அவசரத்தில் போனாலும், சைக்கிளை விட்டு இறங்கிக் கழுத்துக்குக் கீழே குனிந்து பார்க்கிறேன்.